நெற்றிச் சுருக்கத்துக்கு முகப் பயிற்சி: குறைக்குமா, கூட்டுமா?

மலைக்கோட்டை வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 43 வயதாகிறது. திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் நெற்றியில் குறுக்காக மூன்று கோடுகள் உள்ளன. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை புருவத்தை உயர்த்தும்போது மட்டுமே தெரிந்த அந்தக் கோடுகள், இப்போது முகத்தை இயல்பாக வைத்திருக்கும்போதும் மறையாமல் நிற்கின்றன. குங்குமம் வைத்துக்கொண்டால் உதிரும் தூள் நடுக்கோட்டில் தங்கி, அதைச் சிவப்பாக எடுத்துக் காட்டுகிறது.

இதற்காக, காணொளிகளில் பலரும் செய்துகாட்டும் முகப் பயிற்சி ஒன்றைச் சில மாதங்களாகச் செய்துவருகிறேன். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் புருவத்துக்கு மேலே வைத்துக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டு, அந்த அழுத்தத்தை எதிர்த்துப் புருவத்தை உயர்த்த வேண்டும். சில வினாடிகள் அப்படியே நிறுத்திவிட்டுத் தளர்த்த வேண்டும். இப்படிச் செய்தால் நெற்றித் தசை உறுதியாகி, அதன்மேல் இருக்கும் தோல் இறுகி, கோடுகள் தாமாகவே நிரவிவிடும் என்கிறார்கள். ஆனால் என் நாத்தனார், "சுருக்கம் விழுவதே புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதால்தானே? அதையே ஒரு வேலையாக உட்கார்ந்து செய்தால் எப்படிக் குறையும்?" என்று கேட்கிறார். அவர் கேட்டதிலிருந்து எனக்கும் ஐயமாக இருக்கிறது. கோடுகள் ஆழமாகிவிட்டனவோ என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது.

நெற்றியைப் பொறுத்தவரை இந்தப் பயிற்சி நன்மை செய்யுமா, கெடுதல் செய்யுமா? உடற்கூறு அறிந்தவர்களும் அனுபவம் உள்ளவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தோல் மருத்துவன் எழுதியது:

வணக்கம் சகோதரி. உங்கள் நாத்தனார் கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தின் மையம். அவர் சொன்னது ஏன் சரி என்பதற்கு நெற்றித் தசையின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கை கால் தசைகள் பெரும்பாலும் ஓர் எலும்பில் தொடங்கி இன்னோர் எலும்பில் முடிபவை. அவை சுருங்கினால் மூட்டு மடங்கும். பயிற்சி கொடுத்தால் தசை பருக்கும். முகபாவத்துக்கான தசைகள் தோலிலேயே வந்து முடிகின்றன. அவற்றுள்ளும் நெற்றியில் இருக்கும் ப்ரான்டாலிஸ் என்னும் தசைக்கு எலும்போடு எந்தப் பிடிப்பும் கிடையாது. உச்சந்தலையைப் போர்த்தியிருக்கும் தடித்த சவ்விலிருந்து கிளம்பி, புருவத்தின் தோலில் முடிகிறது. அதன் இழைகள் மேலிருந்து கீழாக ஓடுவதால், அது சுருங்கும்போது புருவம் மேலே ஏறுகிறது. இடையில் அகப்பட்ட தோல் இழைகளுக்குக் குறுக்காக மடிகிறது. அந்த மடிப்புகள்தாம் உங்கள் நெற்றியில் உள்ள கிடைக்கோடுகள். இரண்டு புருவங்களுக்கும் நடுவே செங்குத்தாக விழும் கோடுகளுக்குக் காரணமான தசை வேறு. அது புருவத்தை உள்நோக்கி இழுத்து நெரிப்பது.

இதைப் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 19-ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டியிருக்கிறார். முகத்தில் மின்முனையை வைத்துத் தனித்தனித் தசையாகச் சுருங்கச் செய்து, 1862-இல் அவர் வெளியிட்ட புகைப்படங்களில், நெற்றித் தசையைத் தூண்டியவுடன் புருவம் வளைந்து ஏறுவதையும் நெற்றி வரிவரியாக மடிவதையும் இன்றும் காணலாம்.

இனி, தசை தளர்ந்துபோனதால்தான் கோடு விழுகிறது, தசையை வலுப்படுத்தினால் கோடு போய்விடும் என்ற வாதத்துக்கு வருவோம். அது உண்மையானால், நெற்றித் தசையைச் செயலிழக்கச் செய்யும்போது கோடுகள் கூட வேண்டும். நடப்பது நேர்மாறு. முகநரம்பு பாதிக்கப்பட்டு ஒரு பக்கம் முகவாதம் வந்த முதியவர்களின் நெற்றியைப் பார்த்திருப்பீர்கள். நல்ல பக்கத்தில் வரிகள் இருக்க, செயலிழந்த பக்கம் வழவழவென்று இருக்கும். போடாக்ஸ் ஊசி செய்வதும் இதைத்தான். தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் நரம்பு முனையிலிருந்து வெளிவருவதைத் தடுத்து, தசையை மூன்று நான்கு மாதங்களுக்கு வலுவிழக்கச் செய்கிறது; கோடு நிரவுகிறது. கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸும் அவருடைய கணவரான தோல் மருத்துவர் அலஸ்டர் கருதர்ஸும் 1992-இல் இதைப் பற்றி எழுதினார்கள். அமெரிக்காவில் புருவ நடுக்கோடுகளுக்கு 2002-இலும் நெற்றிக் கோடுகளுக்கு 2017-இலும் அனுமதி கிடைத்தது. உருவம் ஒத்த இரட்டைச் சகோதரியர் இருவரை ஒப்பிட்டு 2006-இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், 13 ஆண்டுகள் தொடர்ந்து ஊசி போட்டுக்கொண்டவரின் நெற்றியில் நிலைத்த கோடுகள் இல்லை. எப்போதோ ஓரிரு முறை போட்டுக்கொண்ட மற்றவருக்கு இருந்தன. இருவரை வைத்து எல்லாருக்குமாக முடிவு கட்ட முடியாதுதான், ஆனாலும் ஒரே மரபணு உள்ளவர்களிடம் தெரிந்த வேறுபாடு என்பதால் அதற்கு மதிப்புண்டு.

மடிப்பு ஏன் நிலைத்துப்போகிறது என்பது தோலின் கதை. இளமையில் தோலுக்கு உறுதியும் நெகிழ்வும் தரும் கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரதங்கள் நிறைவாக இருப்பதால், தசை தளர்ந்தவுடன் தோல் பழையபடி விரிந்துவிடும். வயது ஏற ஏறக் கொலாஜன் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் என்ற அளவில் குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் முதல் சில ஆண்டுகளில் இந்தக் குறைவு இன்னும் வேகமெடுக்கும். பட்டுப் புடவையை ஒரே மடிப்பில் நெடுநாள் வைத்திருந்தால் மடிப்பின்மேல் இழை நைந்துபோவதைப் போல, வலுவிழந்த தோல் எப்போதும் மடியும் இடத்திலேயே நைந்து, அங்கே கோடு தங்கிவிடுகிறது. வெயில் இதை விரைவுபடுத்துகிறது.

ஆகவே, புருவத்தை உயர்த்தும் பயிற்சியால் நெற்றிக் கோடுகள் குறைய உடற்கூற்றில் வழியே இல்லை என்பது என் கருத்து. விரலால் அழுத்திக்கொண்டு உயர்த்தும்போது தசை இன்னும் பலமாகச் சுருங்க வேண்டியிருக்கிறது. கூடவே விரலும் தோலை இழுக்கிறது. அதே நேரத்தில் நீங்கள் கலங்கவும் வேண்டாம். பயிற்சி சில நிமிடம்தான். நம்மை அறியாமல் புருவத்தை உயர்த்துவதோ காலை முதல் இரவு வரை நடக்கிறது. உங்கள் கோடுகளுக்குப் பெரும்பங்கு காரணம் பின்னதுதான். பயிற்சியை நிறுத்துங்கள், ஆனால் அதை நிறுத்துவதோடு வேலை முடிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம்.

கோவை இளவேனில் எழுதியது:

மருத்துவர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் முகப் பயிற்சி என்றாலே பயனற்றது என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் 50 வயதைக் கடந்தவள்; முகப் பயிற்சியை நெடுநாளாகச் செய்துவருகிறேன். கன்னம் ஒட்டி, வாயின் இருபுறமும் தொங்கிக் களைப்பாகத் தெரிந்த என் முகம், இப்போது பார்க்கத் தெளிவாக இருக்கிறது. இதை நான் மட்டும் சொல்லவில்லை; பல மாதங்களுக்குப் பிறகு என்னைச் சந்தித்த உறவினர்களும் தாமாகச் சொன்னார்கள்.

இதற்கு ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்டது. 40 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு 32 பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்து, முதல் எட்டு வாரம் நாள்தோறும் அரை மணி நேரமும், பிறகு 20-ஆவது வாரம் வரை ஒன்றுவிட்டொரு நாளும் செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எடுத்த படங்களை, எது முன், எது பின் என்று அறியாத மருத்துவர்கள் பார்த்து வயதை மதிப்பிட்டபோது, சராசரி வயது 50.8-இலிருந்து 48.1-ஆகக் குறைந்திருந்தது. ஊசியும் கத்தியும் இல்லாமல், காசு செலவில்லாமல் கிடைக்கிற இந்தப் பலனைச் சிறியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊசி போட்டுக்கொள்ள எல்லாராலும் முடியாது. எல்லாரும் விரும்புவதும் இல்லை. நம் முகத்துக்காக நாமே நாள்தோறும் சில நிமிடம் ஒதுக்குவதில் ஒரு நிறைவு இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். சகோதரி முற்றிலும் நிறுத்திவிடாமல், நெற்றிக்கான அந்த ஒரு பயிற்சியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடரலாமே?

இயன்முறை சிகிச்சையாளர் எழுதியது:

இளவேனில் அவர்கள் குறிப்பிட்ட ஆய்வை முழுமையாகப் படித்திருக்கிறேன். அவர் தந்த எண்கள் சரியானவை. அவர் விட்டுவிட்ட சில செய்திகள்தாம் இந்தக் கேள்விக்கு மிகவும் வேண்டியவை என்பதால் சொல்கிறேன்.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 27 பேர். இறுதிவரை செய்து முடித்தவர்கள் 16 பேர் மட்டுமே. பயிற்சி செய்யாத ஒப்பீட்டுக் குழு இல்லை. முகத்தின் 20 கூறுகளைத் தனித்தனியாக மதிப்பிட்டதில், மேல் கன்னத்தின் நிறைவும் கீழ்க் கன்னத்தின் நிறைவும் ஆகிய இரண்டில்தான் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. நெற்றி அந்த இரண்டில் இல்லை. கன்னத்தில் முன்னேற்றம் தெரிந்ததற்குப் பொருத்தமான காரணம் உண்டு. வயதாகும்போது கன்னத்தின் கொழுப்பு வற்றி இறங்குகிறது. அடியில் உள்ள தசை சற்றுப் பருத்தால் அந்தக் குழிவு நிரம்பலாம். நெற்றியில் நிரப்புவதற்கு அப்படியொரு குழிவு இல்லை; எலும்பின்மேல் மெல்லிய தசையும், அதன்மேல் தோலும் நெருக்கமாகப் படிந்திருக்கின்றன. கன்னத்துக்குக் கிடைத்த பலனை நெற்றிக்கும் எடுத்துச் செல்வதுதான் காணொளிகளில் நடக்கும் தவறு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முகப் பயிற்சி பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014-இல் எழுதிய கட்டுரையிலும், பலன் உண்டு என்று உறுதிசெய்யப் போதிய சான்று இல்லை என்றே முடிவு சொன்னார்கள்.

முகத் தசைப் பயிற்சிக்கு மருத்துவத்தில் உண்மையான இடம் ஒன்று உண்டு. அது முகவாதம் வந்து மீண்டுவருபவர்களுக்கானது. அங்கேகூட, புருவத்தைப் பலங்கொண்டு உயர்த்து, முகத்தை இறுக்கு என்று நாங்கள் இப்போது சொல்வதில்லை. நரம்பு மீளும் காலத்தில் அளவுக்கு மீறி முறுக்கினால், கண்ணை மூடும்போது வாய்க்கோடி இழுப்பதும், சிரிக்கும்போது கண் சுருங்குவதுமாகத் தசைகள் ஒன்றோடொன்று தவறாகப் பிணைந்துகொள்ளும் நிலை மோசமாகிறது. ஆகவே கண்ணாடி முன் அமர்த்தி, சிறிய அசைவாக, மெதுவாக, எந்தத் தசை தேவையில்லாமல் வேலை செய்கிறது என்று பார்த்து, அதைத் தளர்த்தக் கற்றுக்கொடுக்கிறோம். முகத் தசைக்குத் தளர்வும் ஒரு பயிற்சிதான் என்பதை இந்த வேலையில்தான் தெளிவாகக் கண்டேன்.

சகோதரிக்கு உதவக்கூடியதும் இந்தப் பகுதிதான். 1970-களிலேயே தலைவலிக்காரர்களின் நெற்றியில் மின்வாய்களை ஒட்டி, தசையின் இறுக்கத்தை ஒலியாக மாற்றிக் கேட்கவைத்து, அந்த ஒலி தணியும்படி தசையைத் தளர்த்தப் பழக்கினார்கள். வீட்டில் அந்தக் கருவி தேவையில்லை, உள்ளங்கை போதும். கைபேசி பார்க்கும்போதோ விடைத்தாள் திருத்தும்போதோ, உள்ளங்கையை நெற்றியின் குறுக்கே அழுத்தாமல் வைத்துப் பாருங்கள். புருவம் ஏறும் ஒவ்வொரு முறையும் கைக்கு அடியில் தோல் மெல்ல ஊர்ந்து மேலே போவது தெரியும். அப்போது கண்களை மென்மையாக மூடி, மூச்சை நீளமாக விட்டு, புருவத்தின் கனம் கீழே இறங்குவதை உணருங்கள். பிறகு கண்ணைத் திறக்கும்போது இமை மட்டும் திறக்க வேண்டும், நெற்றி கையின் அடியில் நகரக் கூடாது. இதை இரண்டு மூன்று நாள் செய்தால், எந்தெந்த வேளையில் உங்கள் புருவம் உங்களைக் கேட்காமல் ஏறுகிறது என்பது பிடிபட்டுவிடும். நான் இதைப் பரிந்துரைப்பது விழுந்த கோட்டை அழிக்கும் என்பதற்காக அல்ல. இனி அது ஆழமாவதைக் குறைக்கும் என்பதற்காகத்தான்.

இளவேனில் அம்மா கன்னத்துக்கான பயிற்சியைத் தாராளமாகத் தொடரலாம். அவற்றைச் செய்யும்போது புருவம் சேர்ந்து ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாயைப் பெரிதாகத் திறக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே ஏறிவிடும்.

சலங்கை எழுதியது:

நான் பரதநாட்டிய ஆசிரியை. புருவத்தைப் பயிற்றுவிப்பது எங்கள் கலையின் ஒரு பகுதி என்பதால் இந்த உரையாடலை ஆர்வத்தோடு படித்தேன். நாட்டிய சாஸ்திரம் ஏழு புருவ அசைவுகளைச் சொல்கிறது. அபிநய தர்ப்பணம் ஆறு சொல்கிறது. உயர்த்துவது, தாழ்த்துவது, நெரிப்பது, ஒன்றை மட்டும் உயர்த்துவது என்று சிறுமியாக இருந்தபோதே கற்கத் தொடங்குகிறோம். உயர்த்தினால்தான் கோடு விழும் என்றால், எங்களில் மூத்தவர்கள் எல்லாருடைய நெற்றியும் வரிவரியாக இருக்க வேண்டுமே என்று யாருக்கும் தோன்றும்.

நான் கண்டதைச் சொல்கிறேன். அபிநயத்தில் ஊறிய மூத்த கலைஞர்கள் பலருக்கு நெற்றியில் கோடுகள் இருக்கவே செய்கின்றன. ஆனால் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். நாட்டியமே தெரியாத, வெயிலில் வேலை செய்கிற பெண்களின் நெற்றியில் அவர்களைவிட ஆழமான கோடுகளையும் பார்க்கிறேன். எனவே அசைவு மட்டுமே முழுக் காரணமாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. நல்ல அபிநயத்தில் புருவம் ஏறியபடியே நிற்பதில்லை. ஒரு பாவத்துக்கு ஏறும். அது முடிந்தவுடன் இயல்பு நிலைக்கு வந்துவிட வேண்டும். அந்த இயல்பு நிலையையும் சகஜம் என்று பெயரிட்டு, புருவ அசைவுகளின் வரிசையில் ஒன்றாகவே எங்கள் நூல்கள் வைத்திருக்கின்றன. புதிதாகக் கற்கும் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி திருத்துவதும், ஜதி மறந்துவிடுமோ என்ற பதற்றத்தில் புருவத்தை ஏற்றியே வைத்துக்கொண்டு ஆடுவதைத்தான். இயன்முறை சிகிச்சையாளர் சொன்ன தளர்வுப் பயிற்சியை நான் முழுமனத்தோடு வழிமொழிகிறேன்.

மலைக்கோட்டை வாசகி எழுதியது:

பதில் அளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. புருவம் உயர்த்தும் பயிற்சியை நிறுத்திவிட்டேன். உள்ளங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. கைபேசியில் செய்தி படிக்கும்போதும், வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போதும் புருவம் தவறாமல் ஏறுகிறது. மாலையில் இது அதிகமாக இருக்கிறது. சில நாள் நெற்றியில் பாரமாக ஒரு வலியும் இருக்கிறது. கண்ணாடி அணிவதில்லை, பதிவேட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் எழுத்து தெரிகிறது. தளர்த்த நினைத்தாலும் படிக்கத் தொடங்கியதும் புருவம் மறுபடி ஏறிவிடுகிறதே, இதற்கு என்ன செய்வது? விழுந்துவிட்ட கோடுகளுக்குக் களிம்பு ஏதேனும் பயன்படுமா? மருந்துக்கடையில் கேட்டபோது, முகத்துக்கு நல்லது, நிறமும் கொடுக்கும் என்று ஒரு களிம்பைக் காட்டினார்கள், வாங்காமல் வந்துவிட்டேன்.

கண் பரிசோதகர் எழுதியது:

43 வயது, பதிவேட்டைத் தள்ளிப் பிடித்தால் தெரிகிறது, மாலையில் நெற்றிப் பாரம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது வெள்ளெழுத்தின் தொடக்கம் போலத் தெரிகிறது. 40 வயதை ஒட்டி விழிலென்ஸின் நெகிழ்வு குறைவதால் கிட்டப் பொருள் தெளிவாகத் தெரியாமல் போவது எல்லாருக்கும் வருவது. அப்போது சிலர் கண்ணை இடுக்குவார்கள், சிலர் புருவத்தை நெரிப்பார்கள், சிலர் உங்களைப் போல உயர்த்துவார்கள். கண்ணாடி போட்டால் வயது தெரியும் என்று தள்ளிப்போடுபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். கண்ணாடியைத் தவிர்க்க அவர்கள் கொடுக்கும் விலை நெற்றியிலும் கண்ணோரத்திலும் விழுகிறது என்பதுதான் வருத்தம். முறையாகப் பரிசோதித்துக்கொண்டு, படிப்பதற்கான கண்ணாடியைத் தயங்காமல் அணியுங்கள்.

இன்னொரு காரணத்தையும் பார்த்துவிட வேண்டும். மேலிமை சற்றுத் தொய்ந்திருந்தால், பார்வையை மறைக்காமலிருக்க மூளை புருவத்தை உயர்த்தி இமையைத் தூக்கிப் பிடிக்கும். புருவத்தை உயர்த்தும் தசை நெற்றியில் உள்ள அந்த ஒன்றுதான் என்பதால், இமையின் வேலையையும் சேர்த்து அதுவே சுமக்கிறது. இதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். கண்ணாடி முன் நின்று கண்களை மூடி, நெற்றியை முழுமையாகத் தளர்த்தி, புருவம் ஏறாதபடி உள்ளங்கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறங்கள். வழக்கத்தைவிட இமை கீழே இறங்கி, கருவிழியை அதிகம் மறைத்தால், உங்கள் நெற்றி இமைக்காக உழைக்கிறது என்று பொருள். அப்படி இருந்தால் தளர்வுப் பயிற்சியால் மட்டும் தீராது. கண் மருத்துவர் பார்க்க வேண்டும். இமைத் தொய்வு திடீரென்று வந்தாலோ, காலையில் சரியாக இருந்து மாலையில் கூடினாலோ, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். நரம்பு, தசை தொடர்பான நோய்களின் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.

வெளியே செல்லும்போது வெயில் கூசுவதும் புருவத்தைக் கெடுக்கும். இருசக்கர வண்டியில் தலைக்கவசத்தின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கண்ணை இடுக்கியபடி போகிறவர்கள்தாம் அதிகம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தரமான குளிர்கண்ணாடி ஒன்று உங்கள் கண்ணுக்கும் நல்லது, நெற்றிக்கும் நல்லது.

தோல் மருத்துவன் எழுதியது:

அந்தக் களிம்பை வாங்காமல் வந்தீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். நிறம் கொடுக்கும் என்று மருந்துக்கடைகளில் நீட்டப்படுபவற்றில் பல, வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாயினோடு, நிறத்தை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுயினோனும் ஸ்டீராய்டும் கலந்தவை. ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருத்துவர் சீட்டின்றி மாதக்கணக்கில் தடவிக்கொண்டு, தோல் மெலிந்து, சிவந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியும்படி வருகிற பெண்களை நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம். இதனாலேயே 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சுருக்கத்துக்கு மருந்து தேடிப்போய்த் தோலை இன்னும் மெல்லியதாக்கிக்கொள்வது பெரிய கொடுமை.

ட்ரெட்டினாயின் தனியாக இருந்தால் அது வேறு. வெயிலால் வந்த மெல்லிய சுருக்கங்களைக் குறைக்க அது உதவும் என்பதற்கு 1980-களிலிருந்தே சான்றுகள் உள்ளன. இரவில் மட்டும், குறைந்த செறிவில், பட்டாணி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தொடங்க வேண்டும். முதல் சில வாரம் தோல் சிவந்து உரியலாம். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். கருவுற்றிருப்பவர்களும் கருவுறத் திட்டமிடுபவர்களும் பயன்படுத்தக் கூடாது. உங்கள் தோலைப் பார்த்து ஒரு தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகே தொடங்குங்கள். ஆழமாகப் பதிந்துவிட்ட கோட்டை அது முழுமையாக அழித்துவிடாது. மேலோட்டமான நுண்கோடுகளைத்தான் நன்றாகக் குறைக்கும்.

எல்லாவற்றையும்விட உறுதியாக நான் சொல்லக்கூடியது சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நான்கரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் தடவியவர்களின் தோல் முதிர்ச்சி, தோன்றியபோது மட்டும் தடவியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. நார்த்வெஸ்டர்ன் முகப் பயிற்சி ஆய்வில் இல்லாத ஒப்பீட்டுக் குழு இதில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். வண்டிக் கண்ணாடிக்குள் இருக்கிறோம், நமக்கு வெயில் படாது என்றும் எண்ண வேண்டாம். 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. ஜன்னல் பக்கமாக இருந்த இடப்பக்க முகம் மட்டும் ஆழமாகச் சுருங்கித் தடித்திருந்தது. இரு பக்கமும் அசைந்தது ஒரே அளவு. வெயில் பட்டது ஒரு பக்கம். சலங்கை அம்மா எழுப்பிய ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்து, முகத்திலும் கழுத்திலும் தடவுங்கள். மயிர் தொடங்கும் விளிம்பு வரை நெற்றியில் பூச மறந்துவிடுகிறார்கள், அதை விடாதீர்கள். வெளியில் நீண்ட நேரம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும்.

போடாக்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும். கண் பரிசோதகர் சொன்ன இமைச் சோதனையைச் செய்யாமல் நெற்றியில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். இமைத் தொய்வை நெற்றி தாங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்தத் தசையை முடக்கினால், கோடு போய்விடும், புருவமும் இமையும் கண்மேல் இறங்கிவிடும். மருந்தின் வேகம் தணியும் வரை, அதாவது சில மாதங்கள், அப்படியே இருக்க வேண்டியதுதான். நீங்கள் முதலில் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கும்போது புருவம் ஏறுவது குறைந்திருக்கிறதா என்று அதே உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, களிம்பு வேண்டுமா என்பதை அதன்பின் உங்கள் ஊர்த் தோல் மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம்.